மச்சிலிருந்து இறங்கிய கட்டுகள்

2025 ஜனவரி 6, திங்கள்

மார்த்தாண்டத்திலிருந்து உள்ளே போகிற சாலையில், ரப்பர் தோட்டத்தை ஒட்டி ஐயாவின் வீடு. வாலிபத்தில், திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி நடந்த எல்லைப் போராட்டத்தில் இறங்கியவர். அப்புறம் பஞ்சாயத்துத் தலைவர், சட்டமன்ற உறுப்பினர் என்று நாற்பது வருடத்துக்கு மேல் பொதுவாழ்வு. போன வருடம் காலமானார். அவருடைய காகிதங்களை ஒழுங்கு பண்ண வரச்சொல்லி மாமி கூப்பிட்டிருந்தார்கள்.

தை, மாசி, பங்குனியை விட்டால் நம் குமரி மாவட்டத்தில் இந்த வேலைக்கு நாள் கிடையாது. இரண்டு பருவமழையும் இங்கே பெய்யும். காற்றில் ஈரம் இருந்தால் காகிதத்தைத் தொடவே பயமாக இருக்கும்.

மச்சில் இரண்டு டிரங்குப் பெட்டி, நான்கு சாக்கு, ஒரு மர அலமாரி. ஒரு சாக்கைச் சிதல் அரித்துவிட்டது. கையை விட்டால் மண்தான் வந்தது. நனைந்திருந்த இன்னொரு சாக்கை முற்றத்தில் வெயிலில் காயப்போடலாம் என்றார்கள் மாமி. வெயில் பட்டால் மை வெளுக்கும், தாள் முறுகும். திண்ணையில் பழைய வேட்டியை விரித்து, நிழலிலேயே, ஃபேன் காற்றில் பரப்பி வைத்தேன்.

ஜனவரி 7, செவ்வாய்

இன்று ஒரு தவறு செய்தேன். கட்டுகளைப் பிரித்து வருட வாரியாக அடுக்க ஆரம்பித்தேன். மத்தியானம்தான் கவனித்தேன், ஒவ்வொரு கட்டின் மேலும் பழைய காலண்டர் தாளைக் கிழித்து, ஒரு சொல் எழுதிச் செருகியிருக்கிறார். ஒன்றில் ஒரு குளத்தின் பெயர், ஒன்றில் ‘ரயில்’, ஒன்றில் ‘கடைமடை’.

அவர் வருடக் கணக்கில் யோசிக்கவில்லை, காரியக் கணக்கில் யோசித்திருக்கிறார். ‘கடைமடை’ கட்டில் வாய்க்காலின் கடைசியில் தண்ணீர் வராத விவசாயிகளின் மனு, அதற்கு அதிகாரியின் பதில், மறுபடி மனு, பத்திரிகைத் துண்டு எல்லாம் அடுத்தடுத்து இருந்தன. வாய்க்கால் தண்ணீரைப் பள்ளத்தாக்குக்கு மேலே கொண்டுபோகிற மாத்தூர் தொட்டிப்பாலம் வந்தது 1966-ல். அதற்கு முந்தைய மனுக்களும் பிந்தைய மனுக்களும் ஒரே கட்டில் இருந்தால்தான் பாலம் யாருக்குத் தண்ணீர் தந்தது, யாருக்குத் தரவில்லை என்று ஒருவர் படித்துத் தெரிந்துகொள்ள முடியும். வருட வாரியாகப் பிரித்தால் அந்தக் கதை செத்துப்போகும்.

பிரிக்கும் முன் ஒவ்வொரு கட்டையும் செல்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தேன். அதைப் பார்த்துப் பார்த்துப் பழையபடி சேர்க்க ராத்திரி எட்டு மணி ஆகிவிட்டது.

ஜனவரி 10, வெள்ளி

‘28-12-1129’ என்று தேதி போட்ட ஒரு கடிதம். கொல்லம் ஆண்டு, மலையாள வருடக் கணக்கு. ஆவணிதான் முதல் மாதம், அதனால் 12 என்றால் ஆடி. தை முதல் ஆடி வரைக்குமான மாதத்துக்கு 825 கூட்ட வேண்டும்: 1954 ஆகஸ்ட் நடுப்பகுதி. மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் எல்லைப் போராட்டக்காரர்கள் மேல் போலீஸ் துப்பாக்கிச்சூடு நடந்தது அந்த ஆகஸ்ட் 11-ல்.

கூடப்படித்த நண்பர் எழுதியது. பாதி தமிழ், பாதி மலையாளம். வீட்டில் எல்லாரும் சுகம், நீ இப்போது இந்தப் பக்கம் வராதே, அம்மாவிடம் ஒன்றும் சொல்லாதே என்கிறார். நடந்ததைப் பற்றி ஒரு வரி கிடையாது. மடிப்பில் தாள் நான்கு துண்டாகப் பிரியப் பார்க்கிறது. செல்லோடேப் ஒட்டவே கூடாது. பத்து வருடத்தில் அது மஞ்சளாகி எழுத்தையும் தின்றுவிடும். அமிலமில்லாத தாளை மடித்து, அதற்குள் விரித்து வைத்தேன்.

நம் தாலுகாக்கள் 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டுப் பக்கம் வந்ததைத் தேதியாகத்தான் பள்ளியில் படித்தேன். பயந்துபோன ஒருவருடைய கையெழுத்தில் அதைப் பார்ப்பது வேறு.

ஜனவரி 16, வியாழன்

பொங்கல் முடிந்தது. நாள் முழுக்கக் குண்டூசி. துருப்பிடித்த ஊசியை இழுத்தால் தாள் கிழியும். அடியில் ஒரு பிளாஸ்டிக் துண்டைக் கொடுத்து, ஊசியின் காலை நிமிர்த்தித்தான் எடுக்க வேண்டும். தொண்ணூறுகளில் வந்த ஃபேக்ஸ் தாள்கள் பாதி வெளுத்துவிட்டன. அவற்றை முதலில் ஸ்கேன் செய்தேன்.

ஜனவரி 21, செவ்வாய்

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது காமராஜருடன் எடுத்த படத்தைத்தான். இருக்கிறது. எல்லைப் போராட்டத் தலைவரும் நாகர்கோவில் எம்.பி.யுமான நேசமணி மறைந்த பிறகு, காமராஜர் போட்டியிட்டு 1969-ல் நடந்த நாகர்கோவில் இடைத்தேர்தலில் எடுத்தது. ஆனால் என் மனம் போனது அதோடு கிடந்த செலவு நோட்டின் மேல். ஜீப்புக்கு எண்ணெய், மைக் வாடகை, போஸ்டர் பசைக்கு மைதா, பையன்களுக்குக் கட்டன்சாயா. எண்ணெய்க்கறையோடு கிடக்கிற அந்த நோட்டு, ஒரு தேர்தல் எப்படி நடந்தது என்பதை எந்த மேடைப்பேச்சையும் விட நன்றாகச் சொல்கிறது.

படத்தில் காமராஜரைச் சுற்றி பதினொரு பேர். பின்னால் ஒரு பெயரும் எழுதவில்லை. மாமி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஏழு பேரைச் சொன்னார்கள். மெல்லிய பென்சிலால் பின்பக்கத்து ஓரத்தில் எழுதினேன். மாமிக்கு வயது 84. இனி மற்ற காகிதம் காத்திருக்கட்டும், நாளை முதல் படங்கள்தான்.

ஜனவரி 28, செவ்வாய்

தனி டிரங்குப் பெட்டியில் மனுக்கள். மகளுக்கு வேலை, புருஷனுடைய குடி, ஆஸ்பத்திரிச் செலவு, கடலுக்குப் போய்த் திரும்பாத மகனுக்கான உதவித்தொகை. ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்புப் பென்சிலில் யாரிடம் அனுப்பினார், எந்தத் தேதியில் என்ற குறிப்பு. முடிந்தவற்றில் ஒரு கோடு. கோடு போடாதவையும் நிறைய. அவற்றையும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறார்.

“இதைக் கொளுத்திரலாம் மக்களே, ஊர்க்காரங்க மானம்” என்றார்கள் மாமி.

மாமி சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த வீடுகளில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் ஏழைகள் தங்கள் கையால் எழுதியது வேறெங்கே கிடைக்கும்? ரொம்ப நேரம் பேசினோம். கடைசியில், பெட்டியை மூடி வைப்பது, ஐம்பது வருடத்துக்கு யாருக்கும் திறப்பதில்லை, பட்டியலில் பெயர் இல்லாமல் எண்ணிக்கையும் ஊரும் மட்டும் போடுவது என்று முடிவானது. நூலகத்துக்குக் கொடுக்கும்போது இதை எழுத்தில் வாங்க வேண்டும் என்றார்கள்.

சரியென்று பெட்டி எண் 9 என எழுதினேன். மாமி பென்சிலை வாங்கி, அதன் கீழே ‘2075’ என்று அவர்களே எழுதினார்கள்.