பிளேட்டை மோந்து பார்க்காதீங்க, பிள்ளை

திருகோணமலையில் ஆய்வுகூட வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை எங்கள் மூத்த எம்.எல்.ரி. (ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்) ஐயா எனக்குச் சொன்னது இது. அந்தக் காலத்தில் பழகியவர்கள், கிருமியை வளர்க்கும் பிளேட்டின் மூடியை லேசாகத் தூக்கி மோந்தே கிருமியைச் சொல்லிவிடுவார்கள். திராட்சை வாசம் அடித்தால் சூடோமோனாஸ். ஐயாவும் அப்படிப் பழகியவர்தான். எங்களை மட்டும் விடவே மாட்டார்.

ஏன் என்று ஒரு மாரி காலத்தில் விளங்கியது. தம்பலகாமத்து விவசாயி ஒருவர், சீனி வருத்தக்காரர், இரண்டு கிழமையாக விடாத காய்ச்சல். இரத்தத்தை வளர்த்த பிளேட்டில் இரண்டாம் நாள் சின்னச் சின்னப் புள்ளிகள். சாயம் போட்டுப் பார்த்தால் இரு முனையிலும் மட்டும் நிறம் பிடித்து, நடு வெளுத்து, ஊக்குப் போலக் கிடக்கிறது. ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து வில்லையைச் சுற்றிக் கிருமி தாராளமாக வளர்ந்திருந்தது. கோ-அமொக்சிகிளேவ் என்ற இன்னொரு மருந்து வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வெறும் வட்டம். ஐயா ஒன்றும் பேசவில்லை. மூடியை டேப் போட்டு ஒட்டி, பாதுகாப்புக் கேபினெட்டுக்குள் வைத்துவிட்டு, வார்டுக்குப் போன் எடுத்தார்.

மெலியோய்டோசிஸ். 1912இல் ரங்கூனில் முதலில் விவரிக்கப்பட்ட நோய். ஈர மண்ணிலும் வயல் சேற்றிலும் வாழும் பக்டீரியா, காலில் இருக்கும் புண் வழியாகவோ மூச்சு வழியாகவோ உள்ளே போகும். அதையே அமெரிக்கா, ஆயுதமாக்கினால் மிக ஆபத்தான கிருமிகளின் முதல் வரிசையில், அந்திராக்ஸோடு சேர்த்து வைத்திருக்கிறது. வெளிநாட்டுப் படைகள் பயப்படும் ஒன்று எங்கள் வயலில் சும்மா கிடக்கிறது என்பதை அன்று இரவு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு முன் வேலை செய்த ஓர் இடத்தில் இதே கிருமியை யாரும் அடையாளம் காணாமல் வெறும் மேசையில் திறந்தோம். பிறகு நோய் வராமல் தடுக்க 21 நாள் மாத்திரை, காலையும் மாலையும் காய்ச்சல் பார்ப்பது. ஒவ்வொரு முறை வெப்பமானியை எடுக்கும்போதும் நெஞ்சு அடிக்கும். 2001இல் அமெரிக்காவில் அந்திராக்ஸ் தூள் வைத்துக் கடிதங்கள் அனுப்பினார்களே, அதில் இறந்த 5 பேரில் இருவர் தபால் ஊழியர்கள். வேலைக்கு வந்து கடிதங்களை வகைபிரித்தவர்கள். அவர்களை நினைக்கும்போது எனக்கு இன்னும் தொண்டை அடைக்கும்.

அண்மையில் எங்களோடு வேலை செய்யும் தங்கச்சி ஒருத்திக்கு இரவு ஒரு அழைப்பு. கட்டாரில் இருக்கும் தம்பியின் குரல், அழுதுகொண்டு, உடனே காசு போடச் சொல்கிறது. குரல் அச்சு அசல். 2023இலேயே 3 விநாடிப் பதிவை வைத்துக் குரலைப் படியெடுக்கும் மென்பொருளைக் காட்டிவிட்டார்கள். வட்ஸ்அப்பில் நாம் அனுப்பும் குரல் பதிவு அதைவிட நீளம். இவள் போனை வைத்துவிட்டு, தம்பியின் பழைய நம்பருக்குத் தானே எடுத்தாள். அவன் நித்திரையில் இருந்து எழும்பினான். "மூடியைத் திறக்க முதல் யோசிச்சேன் அக்கா" என்று மறுநாள் சொன்னாள். இப்போது அவர்கள் வீட்டில், சின்ன வயதில் வளர்த்த ஆட்டின் பெயர்தான் அடையாளச் சொல். நானும் அம்மாவிடம் ஒரு சொல் பேசி வைத்திருக்கிறேன்.

அந்த விவசாயி பிழைத்துக்கொண்டார். ஊசி முடிந்து மாதக்கணக்கில் மாத்திரை. கிளினிக்குக்கு வந்தவர் ஆய்வுகூட வாசலிலும் எட்டிப் பார்த்தார். சப்பாத்துப் போட்டு வயலில் இறங்குகிறாரா என்று கேட்டேன். "சேத்துக்குள்ள புதையுது மிஸ், ரெண்டடி நடக்க ஏலாது" என்றார். சரி, புண்ணையாவது தண்ணீர் போகாமல் கட்டுங்க, ஏறினதும் நல்ல தண்ணீரில் கழுவுங்க, சீனியைக் கட்டுப்பாட்டில் வைங்க என்றேன். குதிகாலைத் தூக்கிக் காட்டினார். வெடிப்புக்கு மேல் பிளாஸ்டர், அதற்கு மேல் ஷொப்பிங் பையைச் சுற்றி ரப்பர் பட்டி போட்டிருந்தார்.