யாருக்கும் தொந்தரவு தராத பிள்ளை

காலை எட்டே கால். வேன் வர இன்னும் ஐந்து நிமிடம். பாப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு காலில் சாக்ஸ், இன்னொன்று கையில். ஜன்னல் கம்பியில் போகிற எறும்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சாக்ஸைப் போடச் சொல்லி அதற்குள் நான்கு முறை சொல்லியாகிவிட்டது. ஐந்தாவது முறை கத்தினேன். திடுக்கிட்டுத் திரும்பி, "நீ கூப்பிடவே இல்லையேம்மா" என்றாள். அது பொய் இல்லை. அவளுக்கு நிஜமாகவே கேட்கவில்லை.

இரண்டு வருடம் எங்கள் வீட்டுக் காலைகள் இப்படித்தான் போயின. ஒரு நாள் அடித்தும்விட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

ஏ.டி.ஹெச்.டி. என்கிற கவனக்குறைவு, மிகைத் துடிப்புக் கோளாறு என்றால் நிற்காமல் ஓடுவது, மேஜை மேல் ஏறிக் குதிப்பது என்றுதான் நினைத்திருந்தேன். பாப்பா உட்கார வைத்த இடத்தில் இருப்பாள். "பொம்பளப் புள்ள அமைதியா இருக்கு, அதைப் போய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேங்கிறியே" என்று அத்தை வருத்தப்பட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், எனக்கே பாதி மனசு அப்படித்தான் இருந்தது.

முதலில் காது டெஸ்ட், அப்புறம் கண். இரண்டும் சரி. திண்டுக்கல்லில் நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர், மதுரையில் ஒரு குழந்தைகள் மனநல மருத்துவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கே கிடைத்தது, ஏ.டி.ஹெச்.டி. இருக்கிறதா என்று பார்க்க உதவும் வாண்டர்பில்ட் என்கிற படிவம். பெற்றோருக்கு 55 கேள்விகள், டீச்சருக்கு 43. அறிகுறிகளைக் கேட்கும் கேள்விகளுக்கு 0 (இல்லவே இல்லை) முதல் 3 (மிக அடிக்கடி) வரை போட வேண்டும். முதல் 9 கேள்விகள் கவனத்தைப் பற்றியவை. கவனமின்மை என்று சந்தேகிக்க, அவற்றில் ஆறுக்காவது 2 அல்லது 3 வர வேண்டும். நான் போட்டதில் எட்டு வந்தது. பள்ளியிலிருந்து வந்த தாளில் ஒன்பதுக்கும் 0. கீழே சிவப்பு மையில், "நல்ல குழந்தை, அமைதியானவள்".

டாக்டர் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வீட்டில் மட்டும் தெரிந்தால் போதாது, இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும், 6 மாதமாவது நீடித்திருக்க வேண்டும், 12 வயதுக்கு முன்பே ஆரம்பித்திருக்க வேண்டும் என்றார். அந்த மிஸ் மேல் எனக்குக் கோபம் இல்லை. வகுப்பில் 46 பிள்ளைகள். அவர் கண் சத்தம் வருகிற பெஞ்சுக்குத்தான் போகும்.

அன்று ராத்திரி பாப்பாவின் நோட்டுகளை எல்லாம் எடுத்துத் தரையில் பரப்பினேன். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி இருக்கிறது, அழகாக அடிக்கோடு போட்ட தலைப்பு இருக்கிறது, இரண்டு வரி இருக்கிறது. அதற்குக் கீழே வெறும் தாள். ஒரு பக்கத்தில் "நமது தேசிய மரம் ஆலமர" என்று நிற்கிறது. 'ம்' எழுதுவதற்குள் பிள்ளை எங்கேயோ போய்விட்டாள். வகுப்பில் அவள் எப்படி உட்கார்ந்திருந்தாள் என்பது எனக்கு அந்தத் தாளில் தெரிந்தது. அழுதேன். அப்புறம் அந்தப் பக்கங்களை எல்லாம் ஜெராக்ஸ் எடுத்தேன். டியூஷன் அக்காவிடம் இன்னொரு படிவம் கொடுத்து நிரப்பி வாங்கினேன். அவரிடம் படிப்பது ஆறே பிள்ளைகள், அதனால் அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஏழு வந்தது.

ஐ.க்யூ., வாசிப்பு, கணக்கு எல்லாம் சோதித்த பிறகு, கவனமின்மை மேலோங்கிய வகை என்று டாக்டர் எழுதினார். பெண் பிள்ளைகளிடம் இது அதிகம் தவறிப்போகிறது என்றும் சொன்னார். உங்கள் வீட்டிலும் இப்படி ஓர் அமைதியான பிள்ளை இருந்தால், வாயால் சொல்லி நிற்காதீர்கள். நோட்டுகளைக் கொண்டுபோங்கள். தனியார் செலவு கட்டுப்படி ஆகாதவர்களுக்கு, 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்கிற அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் 18 வயது வரை இலவசமாகப் பார்க்கிறார்கள். அந்தப் பட்டியலில் ஏ.டி.ஹெச்.டி.யும் உண்டு. மாவட்டத்தின் அரசு மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. என்கிற மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு ஆற்றாமை உண்டு. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 21 வகைகள் இருக்கின்றன. கற்றல் குறைபாடு அதில் இருக்கிறது, ஏ.டி.ஹெச்.டி. தனியாக இல்லை. பாப்பாவுக்குக் கற்றல் குறைபாடு இல்லாததால் சான்றிதழ் கிடையாது. பரீட்சையில் கூடுதல் நேரத்தை உரிமையாகக் கேட்க முடியவில்லை, தயவாகத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்டேன். டாக்டர் கடிதத்தோடு போய், மிஸ்ஸிடம் உட்கார்ந்து பேசினேன். ஜன்னலை விட்டுத் தள்ளி முதல் பெஞ்ச், ஒரு நேரத்தில் ஒரு வேலை, கவனம் போனால் பெயர் சொல்லி அதட்டாமல் பெஞ்சில் விரலால் இரண்டு தட்டு. மூன்றையும் அவர் இன்றுவரை செய்கிறார்.

மாத்திரைக்கு நாங்கள் நான்கு மாதம் யோசித்தோம். இப்போது காலையில் சாப்பிட்ட பிறகு மெத்தில்ஃபெனிடேட், குறைந்த அளவில். மதியம் பசி குறைகிறது, டிபன் பாக்ஸ் பாதியாகத் திரும்பி வருகிறது. அதனால் காலையில் நெய் ஊற்றிப் பொங்கல், சாயங்காலம் வந்ததும் சோறு. ஒவ்வொரு முறை போகும்போதும் எடையும் உயரமும் பார்க்கிறார்கள்.

அத்தைக்கு இன்னும் முழுசாக ஒப்பவில்லை. ஆனால் காலையில் அவர்கள்தான் பாப்பா எதிரில் உட்கார்ந்து, "முதல்ல இடது கால், தங்கம்" என்று சாக்ஸை ஒவ்வொன்றாகக் கையில் கொடுக்கிறார்கள்.

ஜூனில் நான்காம் வகுப்பு. மிஸ் மாறுவார். டாக்டர் கடிதத்தையும் அந்த ஆலமரப் பக்கத்தையும் ஒரு ஃபைலில் போட்டு இப்போதே எடுத்து வைத்துவிட்டேன்.