யேல் குடும்ப மரம்: 1687 ஜனவரி முடிச்சு அவிழ்ந்தது

ஒரு வழியாக மதராஸ் டேவிட் யேல் (மதராஸ் ஆளுநராக இருந்த எலிஹூ யேலின் மகன்) இறந்த தேதி நான் தொகுக்கும் குடும்ப மரத்தில் சரியான இடத்துக்கு வந்துவிட்டது. குழந்தை ஒன்றின் தேதி ஓராண்டு தள்ளிப்போனால் அதைச் சுற்றி எத்தனை கணக்கு குழம்பும் என்பது வம்சாவளி தேடுகிறவர்களுக்குத் தெரியும். என் கோப்பில் ரொம்ப நாளாகச் சிவப்புக் கொடி நட்டிருந்த இடம் அது. இன்று அந்தக் கொடியை எடுத்தேன்.

இந்தத் தேடலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் எடுத்துக்கொண்டது அமெரிக்காவின் நியூ ஹேவன் குடியேற்றத்தில் முதலில் இறங்கிய ஈட்டன்-யேல் குடும்பம். 1637-ல் ஹெக்டர் கப்பலில் பாஸ்டன் வந்து, அடுத்த ஆண்டு நியூ ஹேவனை அமைத்தவர்கள். குடும்பத் தலைவர் தியோஃபிலஸ் ஈட்டன், அந்தக் குடியேற்றத்தின் ஆளுநர். அவர் மனைவி ஆன், இங்கிலாந்தின் செஸ்டர் பிஷப் ஜார்ஜ் லாய்டின் மகள். முதல் கணவர் தாமஸ் யேல் இறந்த பிறகு ஈட்டனை மணந்தவர். முதல் மணத்துப் பிள்ளைகள் மூன்று பேர்: ஆன், டேவிட், தாமஸ். இவர்களில் டேவிட் நியூ ஹேவனில் நிலைக்காமல் பாஸ்டனுக்குப் போனார். அங்கே 1649 ஏப்ரல் 5 அன்று பிறந்தவர்தான் எலிஹூ யேல். குழந்தைக்கு மூன்று வயது இருக்கும்போது குடும்பம் இங்கிலாந்து திரும்பிவிட்டது. எலிஹூ மறுபடி அமெரிக்க மண்ணை மிதிக்கவே இல்லை. 1672-ல் கிழக்கிந்திய கம்பெனியின் எழுத்தராக மதராஸ் வந்து இறங்கினார். 1687-ல் ஜார்ஜ் கோட்டையின் தலைவரும் ஆளுநரும் ஆனார்.

ஆக, நியூ ஹேவன் குடியேறி ஒருவரின் குடும்ப மரத்தில் ஒரு கிளை நம்ம பாரிமுனைப் பக்கம் வந்து முடிகிறது. சென்னையில் உட்கார்ந்துகொண்டு நான் இந்தக் குடும்பத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம். மற்றவர்கள் ஸ்கேன் படத்தில் பார்ப்பதை நான் நேரில் போய்ப் பார்க்கலாம்.

இப்போது பெயர்த் தொல்லை. இந்தக் குடும்பத்தில் டேவிட் என்றால் எந்த டேவிட்? எலிஹூவின் கொள்ளுத்தாத்தா டேவிட், அப்பா டேவிட், மகன் டேவிட், அப்புறம் கனெக்டிகட்டிலிருந்து (நியூ ஹேவன் இருக்கும் பகுதி) லண்டனுக்கு வரவழைத்த உறவுக்காரப் பையனும் டேவிட். தாமஸ் கதையும் இதேதான். தாத்தா, சித்தப்பா, சித்தப்பா மகன் எல்லாரும் தாமஸ். எண் போட்டுக் குறிப்பது எனக்குச் சரிப்படவில்லை. ஊரைச் சேர்த்துக் கூப்பிடுகிறேன்: செஸ்டர் டேவிட், பாஸ்டன் டேவிட், மதராஸ் டேவிட், கனெக்டிகட் டேவிட். நம் ஊரில் ஒரே பெயர் கொண்ட மாமாக்களைப் பிரித்துச் சொல்கிற வழிதான். வம்சாவளிக்கு இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது.

சரி, முடிச்சுக்கு வருவோம். 1680-ல் ஜார்ஜ் கோட்டையின் புனித மேரி தேவாலயம் திறக்கப்பட்டது. அதன் திருமணப் பதிவேட்டின் முதல் பதிவு எலிஹூ யேலுக்கும் கேத்தரின் ஹின்மர்ஸுக்கும் அந்த ஆண்டு நவம்பர் 4-ல் நடந்த திருமணம். கேத்தரின், அதே ஆண்டு இறந்த ஜோசப் ஹின்மர்ஸின் மனைவி. இருவரின் ஒரே மகன் டேவிட் 1684 மே மாதம் பிறந்து, சின்ன வயதிலேயே இறந்தான். அம்மாவின் முதல் கணவருடைய கல்லறையிலேயே அவனையும் அடக்கம் செய்தார்கள். உயர் நீதிமன்றம், சட்டக் கல்லூரிப் பக்கம் கூர்ங்கோபுரம் போல எழும்பி நிற்கும் அந்தக் கல்லறை இன்றும் இருக்கிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம் அது.

கல்லில் இலத்தீன் வாசகம். மதராஸ் தலைவரும் ஆளுநருமான எலிஹூ யேலின் மகன் என்று சொல்லிவிட்டு, இறந்தது 1687 ஜனவரி என்கிறது. பிரச்சினை இங்கேதான். எலிஹூ ஆளுநரானது 1687 ஜூலையில். ஜனவரியில் ஆளுநர் வில்லியம் கிஃபோர்டு. கல்லை அப்படியே நம்பினால், அப்பா பதவிக்கு வருவதற்கு ஆறு மாதம் முன்பே பிள்ளை போய்விட்டான். இணையத்தில் கிடைக்கிற மரங்கள் பெரும்பாலும் இந்த 1687-ஐ அப்படியே ஏற்றி வைத்திருக்கின்றன. குழந்தையின் வயது இரண்டு என்று வேறு எழுதிவிடுகிறார்கள். ஒருவர் போட்டதை அடுத்தவர் எடுத்துக்கொள்கிறார், அதை அவருக்கு அடுத்தவர். ஐம்பது மரங்களில் இருக்கிறது என்பதால் அது ஐம்பது சான்று ஆகிவிடாது. இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

விடை பழைய நாள்காட்டியில் இருக்கிறது. 1752 வரை இங்கிலாந்தின் சட்டப்படியான ஆண்டு மார்ச் 25-ல்தான் தொடங்கியது. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் 24 வரையிலான நாள்கள் எல்லாம் முந்தைய ஆண்டின் கணக்கில் போகும். நமக்கு இது புரியாத விஷயமே இல்லை. சித்திரையில் பிறந்த பிரபவ ஆண்டு தை, மாசியிலும் பிரபவ ஆண்டுதானே? அறுபதாண்டுச் சுற்றைப் பின்னோக்கி எண்ணினால் 1687 ஏப்ரலில் பிறந்ததும் பிரபவதான். அதன் தை மாதம் இன்றைய கணக்கில் 1688. ஆக டேவிட் இறந்தது 1688 ஜனவரி. அப்போது அப்பா ஆளுநராகி ஆறு மாதம் ஆகியிருந்தது. பையனுக்கு வயது மூன்று ஆண்டு எட்டு மாதம். எல்லாம் பொருந்துகிறது.

கல்லை மட்டும் வைத்து இதை முடித்துவிட முடியாது. வாசகத்தைப் பிற்பாடு வெட்டியிருந்தால் அப்போதைய பதவியைச் சேர்த்திருக்கலாம் என்று ஒருவர் கேட்பார், கேட்கவும் வேண்டும். அதனால்தான் அடக்கப் பதிவேட்டின் வரிசையைப் பார்ப்பது முக்கியம். அக்கால ஆங்கிலப் பதிவேடுகளில் டிசம்பர் முடிந்ததும் ஆண்டு மாறாது. அதே ஆண்டின் தலைப்பின் கீழ் ஜனவரி, பிப்ரவரி தொடரும். மார்ச் கடைசியில்தான் புதிய ஆண்டு எண் வரும். தனி ஒரு பதிவை வெட்டி எடுத்துப் படம் பிடித்து அனுப்புகிறவர்கள் இந்த ஆதாரத்தையே இழந்துவிடுகிறார்கள். பக்கம் முழுவதும் வேண்டும், முன்பக்கமும் பின்பக்கமும் வேண்டும்.

மென்பொருளிலும் இதைச் சரியாக ஏற்ற வேண்டும். நான் கிராம்ப்ஸ் பயன்படுத்துகிறேன். இலவசம், இந்த விஷயத்தில் அதை மிஞ்ச ஆளில்லை. தேதிப் பெட்டியைத் திறந்து நாள்காட்டியை ஜூலியன் (அன்று இங்கிலாந்து பின்பற்றிய பழைய நாள்காட்டி) என்று மாற்றி, பழைய, புதிய ஆண்டு இரண்டையும் காட்டும் இரட்டைத் தேதிக்கான குறியைப் போட்டு, புத்தாண்டுத் தொடக்கம் மார்ச் 25 என்று தேர்ந்தெடுத்தால், 1687/8 என்று காட்டும். வரிசைப்படுத்தும்போதும் 1688-ஆகவே எடுத்துக்கொள்ளும். சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் அந்த ஒற்றை எட்டு எவ்வளவு பெரிய விஷயம்! ஜெட்காம் (வம்சாவளி மென்பொருள்களுக்குப் பொதுவான கோப்பு வடிவம்) கோப்பாக மாற்றி வேறு தளத்தில் ஏற்றும்போது கவனம் தேவை. நான் முயன்ற ஒரு பெரிய தளம் சாய்கோட்டைத் தின்றுவிட்டு வெறும் 1687-ஐ வைத்துக்கொண்டது. விளக்கக் குறிப்பையும் கூடவே எழுதி வைத்துவிடுங்கள்.

இதோடு முடியவில்லை. நியூ ஹேவன் பக்கம் போனால் இன்னொரு சிக்கல். அங்கே குடியேறிய பியூரிட்டன்கள் (கண்டிப்பான சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள்) மாதப் பெயர்கள் புறச்சமயத் தெய்வங்களின் பெயர்கள் என்று வெறும் எண்ணால் குறித்தார்கள். அவர்களுக்கு முதல் மாதம் மார்ச். ஆகவே பதினொன்றாம் மாதம் என்று பார்த்தால் ஜனவரி என்று எடுக்க வேண்டும். நவம்பர் என்று போட்டுவைத்த மரங்கள் ஏராளம். இன்னும் சொன்னால், நம் கடற்கரையிலேயே ஒரே நாளுக்கு வெவ்வேறு தேதி ஓடியது. பழவேற்காட்டு டச்சுக்காரரும் புதுச்சேரி பிரெஞ்சுக்காரரும் இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் கணக்கு. மதராஸ் ஆங்கிலேயரும், 1700 வரை தரங்கம்பாடி டேனியரும் ஜூலியன் கணக்கு. பதினேழாம் நூற்றாண்டில் பத்து நாள் வித்தியாசம். பழவேற்காட்டிலிருந்து மதராஸுக்கு வந்த கடிதம், எழுதிய தேதிக்கு முன்பே வந்து சேர்ந்ததாகத் தெரிந்தால் பதறத் தேவையில்லை.

எலிஹூவின் பிறந்த ஆண்டிலும் 1648 என்று பழைய நூல்கள் சில போட்டிருக்கின்றன, பிறந்த ஊர் நியூ ஹேவன் என்றும். இதையும் நாள்காட்டி வித்தியாசம் என்று சொல்லி முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அது நடக்காது. ஏப்ரல் 5 மார்ச் 25-ஐத் தாண்டிய நாள். எந்தக் கணக்கிலும் ஆண்டு ஒன்றுதான். 1648 வெறும் பிழை.

இந்த மூன்றரை வயதுப் பையனுக்கு ஏன் இத்தனை மெனக்கெடல் என்று வீட்டில் கேட்டார்கள். அவனோடு எலிஹூவின் சட்டப்படியான ஆண் வாரிசு முடிந்தது. மீதி மூன்றும் பெண்கள்: கேத்தரின், ஆன், அர்சுலா. மகன் இல்லாததால்தான் 1711-ல் கனெக்டிகட்டிலிருந்து உறவுக்காரப் பையனை வரவழைத்து வாரிசாக்க எலிஹூ முயன்றார். லண்டனில் அமெரிக்கக் குடியேற்றத்தின் பிரதிநிதியாக இருந்த ஜெரமையா டம்மர் அதைக் கடிதத்தில் எழுதி அனுப்பினார். அந்தத் தொடர்பு வழியாகத்தான் கனெக்டிகட் கல்லூரிக்காரர்களின் கண் இவர் செல்வத்தின் மேல் விழுந்தது. 1718-ல் ஒன்பது பொதி சரக்கும் 417 புத்தகங்களும் முதலாம் ஜார்ஜ் மன்னரின் படமும் போய்ச் சேர்ந்தன. சரக்கை விற்றதில் 562 பவுண்டு. கல்லூரிக்கு யேல் என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கல்லறையிலிருந்து அந்தப் பெயர்ப்பலகை வரைக்கும் கோடு இழுக்க முடிகிறது என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

மரத்தில் எனக்குக் கோபம் வரும் இடங்களும் உண்டு. பாட்டி ஆன் ஈட்டனை, குழந்தை ஞானஸ்நானம் பற்றி மாற்றுக் கருத்து வைத்திருந்ததில் தொடங்கி நியூ ஹேவன் திருச்சபை விசாரித்து விலக்கி வைத்தது. அத்தை ஆன் ஹாப்கின்ஸுக்கு மனநலம் குன்றியபோது, அதிகம் படித்து எழுதியதே காரணம் என்று மாசசூசெட்ஸ் ஆளுநர் ஜான் வின்த்ரோப் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். பல மரங்களில் இவர்கள் வெறும் இணைப்புக் கோடுகள். என் கோப்பில் இருவருக்கும் முழுப் பக்கம் உண்டு.

அடுத்தது யேல் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையத்தில் இருக்கும் ஓவியம். வயதான எலிஹூவும் உறவினர்களும் மேசையைச் சுற்றி இருக்க, ஓரத்தில் கழுத்தில் வெள்ளி வளையம் பூட்டிய அடிமைச் சிறுவன் ஒருவன். மேசையில் இருப்பவர்களுக்குப் பெயர் தேடி அறிஞர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். சிறுவனின் பெயர் எங்கும் பதிவாகவில்லை. எலிஹூவின் காலத்தில் மதராஸிலிருந்து அடிமைகளைக் கப்பலில் ஏற்றினார்கள் என்பதைக் கோட்டையின் ஆலோசனைக் குறிப்புகளே (நிர்வாகக் குழுக் கூட்டப் பதிவுகள்) சொல்கின்றன. குடும்ப மரம் என்றால் அந்த வீட்டில் வாழ்ந்தவர்கள் எல்லாரும் வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அவனுக்கும் ஒரு பதிவு திறந்திருக்கிறேன்.

ஆலோசனைக் குறிப்புகள் தேடுகிறவர்களுக்கு ஒரு தகவல். எழும்பூர் ஆவணக் காப்பகம் முன்பு அச்சிட்ட தொகுதிகளின் ஸ்கேன் இணைய நூலகங்களில் நிறைய கிடைக்கிறது. மூலத்தைத் தேடுவதற்கு முன் அதைப் பாருங்கள். லண்டனில் இருக்கும் மதராஸ் திருச்சபைப் பதிவுகளின் நகல்கள் 1698-ல்தான் தொடங்குகின்றன. அதற்கு முந்தைய பதினெட்டு ஆண்டுகளுக்குப் புனித மேரி தேவாலயப் பதிவேடுதான் கதி. கல்லெழுத்தைப் படம் எடுக்கச் சுண்ணாம்போ மாவோ தேய்க்காதீர்கள், கல் அரித்துவிடும். காலை ஏழரை எட்டு மணிக்குப் பக்கவாட்டில் வெயில் விழும்போது எடுத்தால் இலத்தீன் எழுத்து தானாகத் தெரியும். மேகமூட்டமான நாளில் ஒருவர் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தால் போதும்.

சித்தப்பா தாமஸின் கிளையை இன்னும் முடிக்கவில்லை. இன்றைய அமெரிக்க யேல்கள் பெரும்பாலும் அவர் வழி. மகன் தாமஸ் 1670-ல் கனெக்டிகட்டின் வாலிங்ஃபோர்டு ஊரை அமைத்தவர்களில் ஒருவர். அதற்கப்புறம் பிள்ளைகள் பெருகி மரம் அகலமாகிவிடுகிறது. 1908-ல் வந்த வம்சாவளி நூலை வரிக்கு வரி மூலப் பதிவோடு ஒப்பிட வேண்டும். அதைச் செய்ய வேண்டிய நேரத்தில் நான் நத்தானியல் ஹிக்கின்சனிடம் போய்விட்டேன்.

போகாமல் எப்படி இருப்பது? 1688-ல் மதராஸ் மாநகராட்சி தொடங்கியபோது முதல் மேயர் அவர். 1692-ல் யேல் நீக்கப்பட்டதும் அதே நாற்காலியில் உட்கார்ந்த ஆளுநரும் அவர்தான். கனெக்டிகட்டின் கில்ஃபோர்டில் பிறந்து ஹார்வர்டில் படித்தவர். அவர் தாத்தா ஃபிரான்சிஸ் ஹிக்கின்சன் 1629-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள சேலத்தில் இறங்கிய போதகர். ஆக அடுத்தடுத்த இரண்டு மதராஸ் ஆளுநர்களும் நியூ இங்கிலாந்தின் முதல் குடியேறிகளின் பேரப்பிள்ளைகள்! 1692 மே மாதம் இங்கேயே எலிசபெத் ரிச்சர்ட்ஸை மணந்தார். அவர்களுடைய பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவுகளை இந்த வாரம் தொடங்குகிறேன். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் 24 வரை வரும் ஒவ்வொரு தேதிக்கும் முதலிலேயே சாய்கோடு போட்டுத்தான் ஏற்றப் போகிறேன்.