திறந்துவிட்டு வளர்க்கும் கலப்பினக் கோழிகள்

மாதவரத்தில் எங்கள் தோட்டத்தில் சிறுவிடை, பெருவிடை என்ற நாட்டுக்கோழி வகைகளும் வனராஜா என்ற மேம்படுத்தப்பட்ட இனமும் கலந்து பிறந்த கோழிகளைத் திறந்துவிட்டே வளர்க்கிறோம். அடைகாக்கச் சிறுவிடைப் பெட்டைகளையே நம்புகிறேன். முட்டைக்காக மேம்படுத்தப்பட்ட இனங்களின் கலப்புள்ளவை பெரும்பாலும் 21 நாளும் அடையில் நிலைத்து அமர்வதில்லை. எட்டுப் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும். அதையும் வெளியிலிருந்து வாங்கினால் நெருங்கிய உறவில் குஞ்சுகள் பிறந்து வலுவிழப்பதைத் தவிர்க்கலாம்.

மேயும் கோழிக்கு நோய் வராது என்று அக்கம்பக்கத்தார் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட் நோய்) வந்துவிட்டால் சில நாட்களில் கூட்டமே அழிந்துவிடக்கூடும் என்பதால், குஞ்சுகளுக்கு 7ஆம் நாளில் அதைத் தடுக்கும் லசோட்டா சொட்டு மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ இடுவதும், புதிதாக வாங்கிய கோழியை இரண்டு வாரமாவது தனியே அடைத்துவைத்துக் கவனிப்பதும் கட்டாயம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே கூண்டின் தரையை உயர்த்திவிடுங்கள். ஈரமான தரையில்தான் குஞ்சுகளுக்கு இரத்தக்கழிச்சல் எளிதில் பரவுகிறது.