நகையின் பின்பக்கம்: 19-ஆம் நூற்றாண்டு நகைகளைச் சேர்த்து அறிந்தவை

19-ஆம் நூற்றாண்டு நகை ஒன்று கைக்கு வந்தால் நான் முதலில் அதைக் கவிழ்த்துத்தான் பார்க்கிறேன். கல்லின் நிறமும் பூவேலையும் முகப்பில் இருக்கின்றன. ஆனால் அது எந்தக் காலத்தில் செய்யப்பட்டது, பிறகு எங்கே பற்ற வைக்கப்பட்டது, இடையில் எந்தக் கல் மாற்றப்பட்டது என்பவை எல்லாம் பின்பக்கத்தில்தான் பதிந்திருக்கின்றன. பெங்களூரில் இருந்துகொண்டு விக்டோரியா காலத்து நகைகளைச் சேர்க்கத் தொடங்கிய பிறகு நான் கற்றுக்கொண்டவற்றில் இதற்கே முதலிடம் தருவேன்.

இந்த ஊரில் அத்தகைய நகைகள் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. 1809-இல் கன்டோன்மென்ட் உருவானதிலிருந்து ஆங்கிலேய ராணுவக் குடும்பங்களும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் இங்கே வாழ்ந்தன. அவர்களைச் சுற்றி அல்சூரிலும் சிவாஜிநகரிலும் தமிழ்க் குடும்பங்கள் குடியேறின. புரூச் (உடையில் குத்திக்கொள்ளும் அணி), லாக்கெட், கடிகாரச் சங்கிலி போன்றவை அந்த வீடுகளில் தலைமுறைகளாக இருந்து, மூத்தவர்கள் மறைந்த பிறகு, கமர்ஷியல் ஸ்ட்ரீட்டை ஒட்டிய ஜுவல்லர்ஸ் ஸ்ட்ரீட்டின் கடைகளுக்கு வந்து சேர்கின்றன. அங்கே அவை எடை போடப்பட்டு உருக்கப் போகும். 22 காரட்டுக்குப் பழகிய நம் கடைக்காரர்கள் 15 காரட் நகையை மட்டத் தங்கம் என்று ஒதுக்குவார்கள். அப்படி ஒதுக்கப்பட்ட தட்டிலிருந்து, உருக்குவிலைக்குச் சற்று மேலே கொடுத்து மீட்டவைதான் என்னிடம் இருப்பவற்றில் பெரும்பாலானவை.

அந்த 15 என்ற எண்ணே நல்ல துப்பு. பிரிட்டனில் 9, 12, 15 காரட் தங்கத்துக்குச் சட்டப்படி முத்திரை குத்த 1854-இல்தான் வழி பிறந்தது. 1932-இல் 12, 15 இரண்டையும் நீக்கிவிட்டு 14 காரட்டைக் கொண்டுவந்தார்கள். ஆகவே ‘15’ என்றும் ‘.625’ என்றும் முத்திரை பதித்த பிரிட்டிஷ் நகை அந்த இரண்டு ஆண்டுகளுக்கு இடைப்பட்டதாகத்தான் இருக்க முடியும். பக்கத்தில் நங்கூரம் இருந்தால் பர்மிங்ஹாமில் சோதித்தது. சிறுத்தைத் தலை இருந்தால் லண்டனில் சோதித்தது. பட்டம் போன்ற சாய்சதுர முத்திரை இருந்தால் அதன் வடிவமைப்பு 1842-க்கும் 1883-க்கும் இடையில் பதிவு செய்யப்பட்டது என்று பொருள். முத்திரையே இல்லாத நகைகளும் ஏராளம் என்பதால், பாணிகளின் வரலாற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

பாணி மாறியதற்குப் பின்னால் பெரும்பாலும் உலோகத்தின் வரத்து இருந்திருக்கிறது. நெப்போலியன் போர்களுக்குப் பிறகு ஐரோப்பாவில் தங்கம் அரிதாக இருந்ததால், 1820-களிலும் 1830-களிலும் மெல்லிய பொற்கம்பியைச் சுருட்டிச் செய்த கம்பி வேலை நகைகள் பரவின. பார்வைக்குப் பெரிதாக இருக்கும் அவற்றைக் கையில் எடுத்தால் கனமே தெரியாது. 1848-இல் கலிஃபோர்னியாவிலும் 1851-இல் ஆஸ்திரேலியாவிலும் தங்கம் கண்டெடுக்கப்பட்ட பிறகு இந்த நெருக்கடி தளர்ந்தது. பர்மிங்ஹாம் பட்டறைகளின் அச்சு வேலையும் சேர்ந்துகொள்ள, நடுத்தரக் குடும்பங்களும் தங்க லாக்கெட் வாங்கும் நிலை வந்தது. அதே காலத்தில் ரோம் நகரத்துக் காஸ்டெல்லானி குடும்பத்தார், இத்தாலியின் பண்டைய மக்களான எட்ரூஸ்கன்களின் கல்லறைகளில் கிடைத்த நகைகளைப் பார்த்து, கடுகினும் சிறிய தங்க மணிகளை ஒட்டி அலங்கரிக்கும் குருணை வேலையை மீட்டெடுக்க முயன்றார்கள். அந்த மோகம் 1860-களில் இங்கிலாந்து முழுவதும் பரவியது.

என்னிடம் உள்ள ஒரு புரூச் அந்தப் பாணியைச் சேர்ந்தது. முட்டை வடிவம், நடுவில் பட்டை தீட்டாமல் மழமழவென்று குவித்த கார்னெட் என்ற சிவப்புக் கல், சுற்றிலும் முறுக்குக் கம்பியும் குருணையும். லென்ஸை வைத்துப் பார்த்தால் குருணைகள் ஒரே அளவில் இல்லை, சில இடங்களில் பற்றுப்பொடி அவற்றுக்கிடையே வழிந்திருக்கிறது. கவிழ்த்தால், கண்ணாடி மூடிய சிறு குழிக்குள் பழுப்பு மயிரைப் பின்னி வைத்திருக்கிறார்கள். அன்புக்குரியவரின் முடியை இப்படி நகைக்குள் காப்பது அக்கால வழக்கம். முள், புரூச்சின் விளிம்பைத் தாண்டி நீண்டு நிற்கிறது. கொக்கியோ பூட்டு எதுவும் இல்லாத வெறும் வளைவு. நீண்ட முள்ளும் பூட்டில்லாத கொக்கியும் சேர்ந்து வருவது 19-ஆம் நூற்றாண்டுக்கு ஒத்துப்போகும் அடையாளங்கள். கீல் அருகே சாம்பல் நிறத்தில் ஈயப்பற்று ஒன்று படிந்திருக்கிறது. தங்கப் பற்று வைக்கத் துணியாத யாரோ பிற்காலத்தில் செய்த பழுது அது. அதை நான் சுரண்டவில்லை, அதுவும் இந்த நகையின் வரலாறுதான்.

நூற்றாண்டின் முற்பகுதி நகைகளில் கல்லுக்கு அடியில் மெல்லிய தகடு வைத்து, பின்பக்கத்தை முழுவதும் மூடிவிடுவார்கள். நம் கெம்பு அட்டிகைகளில் இன்றும் இருக்கும் அதே முறை இது. போகப் போக, குறிப்பாக வைரத்துக்கும் தெளிந்த கற்களுக்கும், ஒளி ஊடுருவும்படி பின்பக்கத்தைத் திறந்து கட்டும் முறை வழக்கமாயிற்று. மூடிக் கட்டிய ஊதா நிற அமெதிஸ்ட் புரூச் ஒன்றை அல்சூரில் பரம்பரையாகக் கல் கட்டும் பத்தர் ஒருவரிடம் காட்டியபோது, அவர் விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, “அம்மா, இத மட்டும் தண்ணியில முக்கிடாதீங்க. உள்ள ஈரம் போச்சுன்னா தகடு கறுத்துடும், கல்லும் களையில்லாமப் போயிடும்” என்றார். “மெருகு போடலாமா பத்தரே?” என்று கேட்டதற்கு, “வேண்டாம்மா, துணியால துடைங்க, போதும்” என்று முடித்துவிட்டார். இங்கிலாந்து நகையை அதற்கு முன் கையில் எடுத்திராத ஒருவர், தம் தொழிலறிவால் அதன் உள்ளமைப்பைச் சட்டென்று புரிந்துகொண்டது எனக்குப் பெரும் மகிழ்ச்சி அளித்தது. அன்று முதல் எந்த நகையையும் அவரிடம் காட்டாமல் நான் துடைப்பதுகூட இல்லை.

கறுப்பு நகைகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1861 டிசம்பர் 14 அன்று இளவரசர் ஆல்பர்ட் இறந்த பிறகு விக்டோரியா மகாராணி தம் வாழ்நாள் முழுவதும் துக்க உடையிலேயே இருந்தார்; அரண்மனையைப் பார்த்து நாடே கறுப்பு நகைக்கு மாறியது. இங்கிலாந்தின் விட்பி கடற்கரையில் கிடைக்கும் ஜெட் என்ற புதைபடிவ மரத்துக்கு அப்போது பெரும் கிராக்கி. தேவை பெருகியதும் போலிகளும் பெருகின: கறுப்புக் கண்ணாடி, கெட்டிப்படுத்திய ரப்பரான வல்கனைட், அயர்லாந்துச் சதுப்பு நிலத்து ஓக் மரம். இவற்றைப் பிரித்தறிவது இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகப் பிடித்த வேலை. கண்ணாடி கனமாக, தொட்டால் சில்லென்று இருக்கும். ஜெட் வெதுவெதுப்பாகவும் ஆச்சரியப்படும் அளவுக்கு லேசாகவும் இருக்கும். வல்கனைட்டும் லேசானதுதான். ஆனால் வெயில் பட்டுப் பட்டு அது காப்பிப்பொடி நிறத்துக்கு மங்கிவிடும். கட்டைவிரலால் சூடேறத் தேய்த்தால் கந்தக வாடை வரும். துணியில் தேய்த்து, காகிதத் துணுக்கை இழுக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். ரப்பரும் இழுக்கும் என்பதால் அந்தச் சோதனையை நம்ப முடியாது. சூடேற்றிய ஊசியால் குத்திப் பார்க்கலாம் என்று சொல்லும் கடைக்காரர்களும் உண்டு. நூற்றைம்பது ஆண்டுகள் பிழைத்து வந்த ஒரு பொருளை அடையாளம் காண்பதற்காகக் காயப்படுத்துவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

1880-களில் நட்சத்திரமும் பிறைச்சந்திரனுமாக வைரப் புரூச்சுகள் பெருகின. அதற்குக் காரணம் தென்னாப்பிரிக்கா. 1867-இல் அங்கே முதல் வைரம் கிடைத்து, சில ஆண்டுகளுக்குள் கற்கள் சந்தையில் குவிந்தன. அந்த அலை நம் வீடுகளுக்கும் வந்தது. மல்லேஸ்வரத்தில் இருக்கும் என் அத்தை ‘ப்ளூ ஜாகர்’ என்று பெருமையாகச் சொல்லும் ஏழுகல் தோட்டின் பெயர், 1870-இல் வைரம் கண்டெடுக்கப்பட்ட ஜாகர்ஸ்ஃபோன்டெய்ன் சுரங்கத்திலிருந்து வந்தது. பெயரை மட்டும் வைத்துக் கல்லின் ஊரைச் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தக் கற்களின் மேல்தளம் சிறியதாகவும், மேற்பகுதி உயரமாகவும் இருக்கின்றன. நேராகப் பார்த்தால் நடுவில் ஒரு சிறு வட்டம் தெரிகிறது. அடிமுனையைக் கூராக விடாமல் தட்டையாக வெட்டிய பழைய பாணி அது. தோட்டின் தங்கமும் திருகாணியும் பிற்காலத்தவை, ஏனென்றால் நம்மவர்கள் வைரத்தை வைத்துக்கொண்டு தங்கத்தைத் தலைமுறைக்கு ஒருமுறை மாற்றிக் கட்டுவது வழக்கம்.

சிவப்புக் கல் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னோய் செயற்கை மாணிக்கம் தயாரிக்கும் முறையை 1902-இல் அறிவித்தார். கல்லுக்குள் அந்த முறையின் அடையாளமான வளைந்த கோடுகள் தெரிந்தால், நகை எவ்வளவு பழையதாக இருந்தாலும் அந்தக் கல் பெரும்பாலும் பின்னால் வந்ததாகவே இருக்கும்.

சட்டத்தையும் தெரிந்து வைத்திருப்பது அவசியம். நூறு ஆண்டுகளைக் கடந்த கலைப்பொருள்களைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்ப இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இடம் தருவதில்லை. ஆங்கிலேயர்கள் விரும்பி வாங்கிய புலிநகப் புரூச்சுகளை விற்பதும் வாங்குவதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். யார் கொண்டுவந்தாலும் நான் தொடுவதில்லை.

இப்போது என் கவனம் சுவாமி வேலை நகைகளின் மீது திரும்பியிருக்கிறது. கோயில் சிற்பங்களைப் போன்ற தெய்வ உருவங்களைத் தகட்டில் புடைத்தெடுத்து, ஆங்கிலேயர்கள் அணியும் கைவளையாகவும் புரூச்சாகவும் சென்னையில் செய்தார்கள்; பி. ஆர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இதில் பெயர் பெற்றது. வேல்ஸ் இளவரசரின் 1875-76 இந்தியப் பயணத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் இவற்றுக்கு மதிப்பு கூடியது. அண்மையில் வாங்கிய வெள்ளி வளை ஒன்றில் எந்தப் பெயரும் முத்திரையும் இல்லை. விற்றவர் அந்த நிறுவனத்தின் பெயரைச் சொன்னார் என்பதற்காக நான் அதை அப்படி எழுதி வைக்கப் போவதில்லை. தகடுகளின் உட்புறத்தில் உளித் தடம் கையால் அடித்தது போலச் சீரில்லாமல் இருக்கிறது. பூட்டோ மேல்நாட்டுப் பாணியில், நாக்கு உள்ளே சென்று பிடிக்கும் பெட்டிப் பூட்டு. இரண்டும் ஒரே பட்டறையில் செய்தவையா, பூட்டு பின்னால் சேர்த்ததா என்பதைப் பற்று வைத்த இடத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அடுத்த வாரம் வளையைப் பத்தரிடம் எடுத்துச் செல்கிறேன்.