கடலோரப் பேரூராட்சியும் மனைப்பிரிவுத் தீர்மானங்களும்

இராமநாதபுரம் கடற்கரையோரப் பேரூராட்சி ஒன்றில் வசிக்கும் நான், மன்றக் கூட்டத்தின் பொருள் நிரல் கிடைக்கும்போதெல்லாம் அதை வரி விடாமல் வாசிப்பவன். குடிநீர்க் குழாய்ப் பழுது, தெருவிளக்கு, குப்பை வண்டி எனப் பெரும்பகுதி செலவினங்களாகவே இருக்கும், அவையும் வேண்டியவைதான். ஆனால் ஊரின் முகத்தை மாற்றுபவை, நிலத்தை வீட்டுமனைகளாகப் பிரிக்கும் மனைப்பிரிவு பற்றிய தீர்மானங்களே.

1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் சேர்த்த, நகர உள்ளாட்சிகளுக்கு வழங்கக்கூடிய பணிகளைப் பட்டியலிடும் பன்னிரண்டாம் அட்டவணையின் 18 இனங்களில் முதலாவது நகரத் திட்டமிடல். நடைமுறையிலோ மனைப்பிரிவுக்கான தொழில்நுட்ப ஒப்புதலை மாநில அரசின் நகர் ஊரமைப்புத் துறை தருகிறது. சாலைகளையும் திறந்தவெளியையும் தானப் பத்திரமாகப் பெற்ற பிறகே உள்ளாட்சி இறுதி ஒப்புதல் தர வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் நீங்கலாக 10 விழுக்காட்டு நிலம் திறந்தவெளியாகப் பொதுவுக்கு வர வேண்டும். அந்த நிலம் எந்த மூலையில் ஒதுக்கப்படுகிறது என்பதை உறுப்பினர்கள் வரைபடத்தை விரித்துவைத்துக் கேட்க வேண்டும். எங்கள் பக்கம் நான் பார்த்த ஒரு மனைப்பிரிவில், அது ஊரணிக்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலின் மேலேயே விழுந்திருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் முழங்காலளவு நீர், கோடையில் சீமைக்கருவேலம். பூங்கா என்ற பலகை மட்டும் நிற்கிறது.

கடலோரத்தில், கரையையொட்டிய கட்டுமானங்களைக் கட்டுப்படுத்தும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் சேர்ந்துகொள்கின்றன. வலை உலர்த்தும் இடமும் கருவாடு காயவைக்கும் மணல்வெளியும் தனிப் பட்டா இல்லாதவையாக இருந்தால், வரைபடத்தில் வெற்றிடமாகவே தெரியும். அவற்றை மீனவர் பொதுப் பயன்பாட்டு இடமாகக் குறிக்கும்படி மன்றம் தீர்மானம் நிறைவேற்றி, மாவட்ட நிர்வாகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று மனுவாக எழுதியிருக்கிறேன். கரைவலை இழுக்கும் பெரியவர்கள் சிலரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.