ரப்பர் பால் பாட்டிலோட போன செமினார் வகுப்பு

இந்த வருஷம் காலேஜ் சேருற பிள்ளைங்களுக்காக இத எழுதுறேன். நான் குலசேகரம் பக்கம், அப்பா ரப்பர் மரத்துல பால் வெட்டுற தொழிலாளி, பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். நாகர்கோவில்ல பிஎஸ்சி கெமிஸ்ட்ரி கிடைச்சதும் வீட்ல எல்லாருக்கும் சந்தோஷம், எனக்கு மட்டும் வடசேரில பஸ் இறங்கும்போதே வயித்துக்குள்ள என்னமோ பண்ணும், ஏன்னா வகுப்புல எல்லாமே இங்கிலீஷ்.

முதல்ல பிரிட்ஜ் கோர்ஸ் நடந்துச்சு, அது ஸ்கூல் பாடம்தான். அப்புறம் வாரத்துல ஒரு நாள் கடைசி பீரியட் செமினார்னு போட்டாங்க. பதினஞ்சு பதினஞ்சு பேரா பிரிச்சி, பெஞ்ச வட்டமா போட்டு, மேடமும் எங்க கூடவே உக்காருவாங்க. மார்க் இல்லன்னு தெரிஞ்சதும் சில பேர் பஸ்ஸுக்கு கிளம்பிட்டாங்க, அது எனக்கு இப்பவும் வருத்தம்தான். அமெரிக்கால சவுத் கரோலினா யுனிவர்சிட்டில 1970ல மாணவர் கலவரம் நடந்த பிறகு, காலேஜுக்கும் பிள்ளைங்களுக்கும் நடுவுல ஒட்டுதல் வரணும்னு 1972ல இந்த மாதிரி ஒரு வகுப்பு தொடங்கினாங்களாம், நம்ம நாட்டுலயும் புதுசா சேருறவங்களுக்கு 2019ல யுஜிசி, அதான் பல்கலைக்கழக மானியக் குழு, தீக்‌ஷாரம்ப்னு ஒரு வழிகாட்டி கொண்டு வந்துச்சுன்னு மேடம் சொன்னாங்க.

ஆளுக்கு பத்து நிமிஷம் பேசணும். நான் நெட்ல நானோ டெக்னாலஜின்னு ஒண்ண எடுத்து இங்கிலீஷ்ல மனப்பாடம் பண்ணிட்டு போனேன், நாலாவது வரில நின்னுபோச்சு, கை நடுங்குது, கண்ணு கலங்கிருச்சு. மேடம் திட்டல. "வீட்ல அப்பா என்ன வேலை பாக்காங்க?"ன்னு கேட்டாங்க, சொன்னேன். "அப்போ அடுத்த வாரம் ரப்பர் பத்தி பேசும்மா, தமிழும் கலந்து பேசு, பரவால்ல"ன்னாங்க.

அந்த ஒரு வாரம்தான் நான் உண்மையா படிச்ச வாரம். ஏன் விடியும் முன்னாடியே வெட்டணும்னு அப்பாகிட்ட கேட்டேன், "வெயில் ஏறினா மரம் பால இழுத்துக்கும் மக்ளே"ன்னாங்க. லைப்ரரி புக்ல பாத்தா அதேதான், ராத்திரி மரத்துல தண்ணி நிறைஞ்சி பட்டைக்குள்ள இருக்க பால் குழாய்ல அழுத்தம் கூடி நிக்கும், வெயில் ஏற ஏற அது குறையும். அந்த குழாய்ங்க நேரா போகாம லேசா வலது பக்கம் சாஞ்சி ஏறுது, அதனாலதான் இடது மேல இருந்து வலது கீழ சரிச்சி வெட்டுனா நிறைய குழாய் அறுபட்டு பால் கூட வருது. அப்பா இத்தனை வருஷமா கையால செஞ்சத புக்ல படிக்கும்போது எனக்கு புல்லரிச்சிருச்சு.

செமினார் அன்னிக்கு ஒரு பாட்டில்ல ரப்பர் பால் கொண்டு போனேன். வழில உறையாம இருக்க அப்பா அதுல கொஞ்சம் அமோனியா விட்டாங்க. லேப்ல பால உறைய வைக்க மேடம் தண்ணி கலந்த ஃபார்மிக் ஆசிட் தந்தாங்க, பீக்கர்ல ரெண்டு சொட்டு விட்டேன், ஒண்ணும் ஆகல. இன்னும் ரெண்டு. ஒண்ணும் ஆகல, எல்லாரும் பாத்துட்டே இருக்காங்க. மேடம், ஆசிட்னா சிவப்பாவும் அமோனியா மாதிரி காரம்னா நீலமாவும் காட்டுற லிட்மஸ் பேப்பர் ஒண்ண நீட்டி "தொட்டு பாரு, என்ன கலர்?"ன்னாங்க. நீலம். அப்போதான் எனக்கு விளங்கிச்சு, நான் விடுற ஆசிட்ட முதல்ல அந்த அமோனியா தின்னுட்டு இருக்கு. அத அப்படியே தமிழ்ல சொன்னேன், யாரும் எழுதி தராம நான் வகுப்புல சொன்ன முதல் வாக்கியம் அதுதான். மேல மேல விட்டு பேப்பர் சிவப்பானதும் பால் திரிஞ்சி, கண்ணு முன்னாடியே வெள்ளைக் கட்டியா ஒண்ணு சேந்து நின்னுச்சு. வட்டத்துல எல்லாரும் அத அமுக்கி பாத்தாங்க. குளச்சல் பையன் ஒருத்தன் அடுத்த வாரம் கருவாட்டுல உப்பு என்ன பண்ணுதுன்னு பேசுறேன்னு அப்பவே பேரு குடுத்துட்டான்.

சாயங்காலம் வீட்டுக்கு போனதும் அப்பா கேட்ட முதல் கேள்வி "உறைஞ்சிச்சா?" நடந்தது முழுக்க சொன்னேன். கேட்டுட்டு இருந்தவங்க, "அதான் அமோனியா கூடிப்போனா ஆசிட் கூட வேணும்னு ரப்பர் ஷீட் அடிக்கவங்க சொல்லுவாவ, ஏன்னு இப்பதான் தெரியுது"ன்னாங்க.